லெனார்ட் ஆடாத 22 ஆட்டங்கள்: டொராண்டோ ராப்டர்ஸ், 2018–19

கணக்கை முதலில் சொல்லிவிடலாம். 2018–19 பருவத்தில், வட அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவில் ஆடும் டொராண்டோ ராப்டர்ஸ் அணி 82 ஆட்டங்களில் 58ஐ வென்றது. அணியின் தலைசிறந்த வீரரான கவாய் லெனார்ட் அவற்றில் 60இல் மட்டுமே களமிறங்கினார். அவர் ஆடியபோது 41 வெற்றி, 19 தோல்வி. அவர் ஆடாத 22 ஆட்டங்களில் 17 வெற்றி, 5 தோல்வி. விகிதம் போட்டுப் பார்த்தால், அவர் கோட்டும் சூட்டுமாக ஓரத்தில் அமர்ந்திருந்த நாட்களில்தான் அணி கூடுதலாக வென்றிருக்கிறது.

இதைப் பார்த்து "அப்படியானால் அவர் எதற்கு?" என்று கேட்பவருக்கு, அதே ஆண்டு ஏப்ரல் முதல் ஜூன் வரை நடந்ததைக் காட்டினால் போதும். கோப்பையைத் தீர்மானிக்கும் பிளேஆஃப் சுற்றுகளின் 24 ஆட்டங்களில் ஒன்றையும் விடாமல் ஆடி, மொத்தம் 732 புள்ளிகள் எடுத்தார் லெனார்ட். ஒரே பிளேஆஃபில் அவரைவிட அதிகம் எடுத்தவர்கள் அதுவரை இருவர்தான்: மைக்கேல் ஜோர்டன், லெப்ரான் ஜேம்ஸ். ஜூன் 13 அன்று அமெரிக்க எல்லைக்கு வெளியே உள்ள ஓர் அணி முதன்முறையாக என்பிஏ கோப்பையைத் தூக்கியது.

அந்தப் பருவம் என்றால் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது பிலடெல்பியாவுக்கு எதிராக வளையத்தின் விளிம்பில் நான்கு முறை குதித்து உள்ளே விழுந்த பந்துதான். அந்தப் பந்தை நான் குறைத்துச் சொல்லப்போவதில்லை. ஆனால் ஓர் அணியின் பருவத்தை ஆய்வு செய்ய உட்கார்ந்தால், பார்க்க வேண்டிய இடம் அந்த 22 ஆட்டங்கள் என்பது என் கட்சி. ஒரு நட்சத்திர வீரரை உட்காரவைப்பதற்குத் துணிவு வேண்டும் என்பார்கள். அது பாதி உண்மை. அவரை உட்காரவைத்துவிட்டும் வெல்லக்கூடிய அணி கையில் இருக்க வேண்டும்; துணிவு அதற்குப் பிறகுதான்.

59 வெற்றிக்குப் பரிசு, பதவி நீக்கம்

ராப்டர்ஸ் 1995இல் தொடங்கப்பட்ட அணி. கூடவே தொடங்கிய வான்கூவர் கிரிஸ்லீஸ் 2001இல் மெம்பிஸ் நகருக்குப் போய்விட்டதால் கனடாவில் எஞ்சிய ஒரே என்பிஏ அணி இதுதான். வின்ஸ் கார்ட்டர், கிரிஸ் போஷ் என்று வந்த நட்சத்திரங்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிப் போன ஊர். 'பெரிய வீரர்கள் இங்கே தங்க மாட்டார்கள்' என்பது அங்குள்ள ரசிகர்களின் பழைய மனக்குறை.

அந்த மனக்குறைக்கு மருந்தாக இருந்தவர் டிமார் டிரோசன். 2009இல் வந்தவர், ஒன்பது பருவங்கள் ஆடியவர், அணியின் வரலாற்றிலேயே அதிகப் புள்ளிகள் எடுத்தவர். இந்த ஊரை விட்டுப் போக மாட்டேன் என்று வெளிப்படையாகச் சொன்னவர். அவரும் கைல் லௌரியும் சேர்ந்து அணியை ஆண்டுதோறும் பிளேஆஃபுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே லெப்ரான் ஜேம்ஸ் காத்திருந்தார். 2016, 2017, 2018 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கிளீவ்லாந்து அணியிடம்தான் ராப்டர்ஸ் வெளியேறியது. ஒவ்வொரு சுற்றிலும் முதலில் நான்கு ஆட்டங்களை வெல்லும் அணிதான் முன்னேறும்; கடைசி இரண்டு முறையும் நான்குக்குப் பூஜ்யம்.

2017–18இல் அந்த அணி 59 ஆட்டங்களை வென்று கிழக்குப் பிரிவில் முதலிடம் பிடித்தது. மே மாதம் கிளீவ்லாந்திடம் நான்கு ஆட்டங்களையும் தோற்றதும் தலைமைப் பயிற்சியாளர் ட்வேன் கேசி நீக்கப்பட்டார். ஜூனில் லீக் அவருக்கே ஆண்டின் சிறந்த பயிற்சியாளர் விருதைக் கொடுத்தது. வேலை போன பிறகு வீடு தேடி வந்த விருது. கேசிக்கு நடந்தது நியாயம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அணியின் தலைவர் மசாய் உஜிரி ஒன்றைச் சரியாகக் கணித்திருந்தார்: இதே ஆட்டக்காரர்களோடு இதே வழியில் இன்னொரு பருவம் ஆடினால் இன்னொரு 59 வெற்றி வரலாம், கோப்பை வராது.

கேசியின் இடத்துக்கு அவருடைய உதவியாளர் நிக் நர்ஸ் வந்தார். பிரிட்டிஷ் லீக்கில் பல ஆண்டுகள், பிறகு என்பிஏவுக்கு அடுத்த நிலையில் இருந்த டி-லீக்கில் இரண்டு வெவ்வேறு அணிகளுக்குக் கோப்பை என்று, பெரிய மேடையின் வெளிச்சம் படாத இடங்களிலேயே வளர்ந்தவர். கையில் இருப்பதை வைத்துச் சமாளிக்கும் பழக்கம் அங்கே வந்துவிடும். அது அந்தப் பருவத்தில் அவருக்கு வெகுவாக உதவியது.

ஜூலை 18 பரிமாற்றம்

2018 ஜூலை தொடக்கத்தில் லெப்ரான் கிளீவ்லாந்தை விட்டு மேற்குக்கு, லேக்கர்ஸ் அணிக்குப் போனார். கிழக்கின் கதவு திறந்தது. இரண்டு வாரம் கழித்து, ஜூலை 18 அன்று, உஜிரி டிரோசனையும் நடு ஆட்டக்காரர் யாக்கப் பர்ட்டிலையும் 2019ஆம் ஆண்டின் புதிய வீரர் தேர்வில் ஒரு முதல் சுற்று உரிமையையும் சான் அன்டோனியோ ஸ்பர்ஸுக்குக் கொடுத்தார். பதிலுக்கு வந்தவர்கள் லெனார்டும் டேனி கிரீனும்.

டிரோசனுக்கு இது பெரிய அடி. தன்னை விற்க மாட்டார்கள் என்ற நம்பிக்கை அவருக்குக் கொடுக்கப்பட்டிருந்ததாகவே அவர் எடுத்துக்கொண்டார். உஜிரி செய்தியாளர்கள் முன் மன்னிப்புக் கேட்டார். வணிகக் கணக்கில் சரியான முடிவும் மனிதரிடம் நடந்துகொண்ட முறையில் தவறும் ஒரே செயலுக்குள் இருக்கலாம் என்பதற்கு இது நல்ல சான்று. கோப்பை வந்துவிட்டது என்பதற்காக அந்தத் தவறு கழுவப்பட்டுவிட்டதாக நான் நினைக்கவில்லை.

வாங்கிய சரக்கிலும் ஆபத்து இருந்தது. லெனார்டின் ஒப்பந்தத்தில் உறுதியாக எஞ்சியிருந்தது ஒரே ஒரு பருவம். முடிந்ததும் அவர் எங்கே வேண்டுமானாலும் போகலாம். அதைவிடப் பெரிய சிக்கல் அவருடைய வலது தொடை. முந்தைய பருவத்தில் தொடைத் தசைநார்க் கோளாறால் ஒன்பது ஆட்டங்களில் மட்டுமே ஆடியிருந்தார். ஸ்பர்ஸ் மருத்துவர்களின் கணிப்பை அவர் தரப்பு ஏற்காமல் வெளி மருத்துவர்களிடம் போனது. அணிக்கும் அவருக்கும் இடையே பேச்சே அறுந்துபோகும் நிலை வந்தது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. நட்சத்திரங்களுக்கு ஓய்வு கொடுப்பதை ஒரு முறையாக்கியதே ஸ்பர்ஸ் பயிற்சியாளர் கிரெக் போபோவிச்தான். 2012 நவம்பரில் மயாமி ஆட்டத்துக்கு முன் டிம் டங்கன், டோனி பார்க்கர், மனு ஜினோபிலி ஆகியோரை விமானம் ஏற்றி வீட்டுக்கு அனுப்பினார். லீக் 2,50,000 டாலர் அபராதம் போட்டது. அன்று அவர்களோடு விமானம் ஏறிய நான்காவது ஆள், லெனார்டுடன் டொராண்டோவுக்கு வந்த இதே டேனி கிரீன். ஓய்வின் அருமையை லீக்குக்கே கற்றுக்கொடுத்த அணி, லெனார்ட் விஷயத்தில் கோட்டைவிட்டது மருத்துவத்தில் அல்ல, நம்பிக்கையில். ஓய்வு எவ்வளவு என்பதை யார் சொல்வது, அதை வீரர் நம்புகிறாரா என்பதில்தான் எல்லாம் இருந்தது.

உட்காரவைப்பது ஒரு திட்டமாக

டொராண்டோவில் அதைச் சொன்னவர் அலெக்ஸ் மெக்கெக்னி. ஸ்காட்லாந்தில் பிறந்த உடலியக்க மருத்துவ வல்லுநர். லேக்கர்ஸில் ஷகீல் ஓ'நீல் போன்றவர்களின் உடலைப் பார்த்துக்கொண்டவர், 2011இல் ராப்டர்ஸுக்கு வந்தார். லெனார்ட் வந்தபோது அவருடைய பருவத்தின் வரைபடம் இவர் மேற்பார்வையில்தான் தயாரானது.

திட்டத்தின் அடிப்படை எளிது. என்பிஏவில் 82 ஆட்டங்களை ஏறக்குறைய ஆறு மாதத்துக்குள் ஆடி முடிக்க வேண்டும். அதனால் அடுத்தடுத்த இரவுகளில் இரண்டு ஊர்களில் ஆட வேண்டிய கட்டாயம் அடிக்கடி வரும். முதல் ஆட்டம் முடிந்து நள்ளிரவில் விமானம், விடியற்காலையில் விடுதி, மாலையில் அடுத்த ஆட்டம். தசைநார் மீள நேரமே கிடைக்காத இரவுகள் அவை. அப்படிப்பட்ட இரண்டு இரவுகளில் ஏதேனும் ஒன்றில் மட்டுமே லெனார்ட் ஆடுவார் என்று முடிவானது. அதோடு, சிறு வலி தெரிந்தாலும் உடனே நிறுத்தினார்கள். ஆட்டத்துக்கு முன் வெளியாகும் பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே 'லோடு மேனேஜ்மென்ட்', அதாவது உடல் சுமையைக் கட்டுப்படுத்துதல், என்று காரணம் போட்டார்கள். அந்தச் சொல் அந்த ஆண்டுதான் ரசிகர்களின் வாயில் புகுந்தது, பெரும்பாலும் வசவாக.

வசவில் நியாயம் இல்லாமல் இல்லை. டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியிலிருந்து பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஆண்டுக்கு ஒருமுறை அரங்குக்குப் போகிற ஒரு தமிழ்க் குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். டிக்கெட் வாங்குவது மாதங்களுக்கு முன். லெனார்ட் ஆடுவாரா மாட்டாரா என்பது தெரிவது அன்றைக்கோ முந்தைய நாளோ. விலையில் ஒரு டாலரும் குறையாது. வெளியூர் அரங்குகளில் இன்னும் மோசம். அங்கே ராப்டர்ஸ் வருவதே பருவத்துக்கு ஓரிரு முறை. அணிக்கு ஜூன் மாதம் முக்கியம், ரசிகருக்கு அந்தச் செவ்வாய்க்கிழமை முக்கியம். இந்த இரண்டுக்கும் இடையிலான வழக்கு இன்றுவரை தீரவில்லை.

ஆனால் 22 ஆட்டங்களில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அமர்ந்திருந்தவரை மட்டும் பார்த்தால் கதையின் பாதிதான் தெரியும். களத்தில் யார் இருந்தார்கள்?

டிசம்பர் 11, 12 ஆகிய இரண்டு இரவுகளைப் பாருங்கள். அடுத்தடுத்து இரண்டு ஆட்டங்கள், இரண்டும் கலிஃபோர்னியாவில், இரண்டிலும் லெனார்ட் இல்லை. முதல் இரவு லாஸ் ஏஞ்சலஸ் கிளிப்பர்ஸை 123–99 என்று தோற்கடித்தார்கள். மறுநாள் ஓக்லாந்தில், முந்தைய இரண்டு ஆண்டுகளின் கோப்பையை வைத்திருந்த கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ். அதன் நட்சத்திரங்களான ஸ்டெஃபன் கரி, கெவின் டுரண்ட், கிளே தாம்சன் மூவரும் ஆடினார்கள். ராப்டர்ஸ் 113–93. சொந்த மண்ணில் வாரியர்ஸை 20 புள்ளியில் வீழ்த்திய அன்று லெனார்ட் ஒரு புள்ளியும் எடுக்கவில்லை, எடுக்கவும் முடியாது. இதே வாரியர்ஸோடு ஆடிய இறுதிச் சுற்று பற்றிப் பேசும்போது ஜூனிலிருந்து தொடங்குகிறவர்கள் இந்த டிசம்பர் இரவை மறந்துவிடுகிறார்கள்.

இது எப்படி முடிந்தது என்பதற்கு முதல் காரணம் பாஸ்கல் சியாகம். கேமரூனின் துவாலாவில் பிறந்தவர், கூடைப்பந்தை முறையாகத் தொடங்கியதே பதின்பருவத்தின் பிற்பகுதியில். 2016 தேர்வில் 27ஆவது இடத்தில்தான் எடுக்கப்பட்டார். லெனார்ட் இல்லாத இரவுகளில் பந்து இவர் கைக்குப் போனது. தவறுகள் செய்தார், அதற்காக யாரும் அவரை வெளியே இழுக்கவில்லை. பருவ முடிவில் ஓர் ஆட்டத்துக்கு சராசரி 16.9 புள்ளிகள், அதிக முன்னேற்றம் கண்ட வீரர் என்ற லீக் விருதும் கிடைத்தது. லெனார்டுக்குக் கிடைத்த ஒவ்வொரு ஓய்வும் சியாகமுக்குக் கிடைத்த ஒரு பாடம். ஓய்வுத் திட்டத்தின் இந்த இரண்டாவது பலனைப் பற்றி அதிகம் பேசுவோர் இல்லை. எனக்கோ முதல் பலனைவிட இதுவே பெரிதாகப் படுகிறது.

பிறகு ஃப்ரெட் வான்வ்லீட். 2016 தேர்வில் இவரை 30 அணிகளும் ஒதுக்கின. எந்த அணியும் பெயர் சொல்லவில்லை. லௌரிக்கு முதுகு வலி எடுத்தபோதெல்லாம் பந்தைக் கொண்டுபோகிற வேலை இவருடையது. டேனி கிரீன் 80 ஆட்டங்கள் ஆடி, மூன்று புள்ளி வீச்சில் 45 சதவீதத்துக்கு மேல் போட்டார். நடுவில் இருவர், செர்ஜ் இபாகாவும் யோனஸ் வலன்சியுனஸும். எதிரணியைப் பார்த்து யார் தொடங்குவது என்று நர்ஸ் மாற்றிக்கொண்டே இருந்தார். வழக்கமாக வீரர்கள் இதற்கு முகம் சுளிப்பார்கள். இங்கே அது பெரிய பிரச்சினையாக வெடிக்கவில்லை. யார் தொடங்குகிறார், யார் பிறகு வருகிறார் என்பதே அந்த அணியில் நாளுக்கு நாள் மாறியதால், மாற்றம் யாருக்கும் அவமானமாகப் படவில்லை என்று நான் ஊகிக்கிறேன்.

வலன்சியுனஸ் டிசம்பரில் கட்டைவிரலில் அடிபட்டு வெளியே போனார். பிப்ரவரி 7 அன்று அவரையும் டெலோன் ரைட், சி.ஜே. மைல்ஸ் ஆகியோரையும் மெம்பிஸுக்கு அனுப்பி, ஸ்பெயினின் மார்க் கசோலை உஜிரி கொண்டுவந்தார். அப்போது கசோலுக்கு 34 வயது. குதிக்க மாட்டார், ஓட மாட்டார். ஆனால் தடுப்பாட்டத்தில் எங்கே நிற்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்த அளவுக்கு லீக்கில் அதிகம் பேருக்குத் தெரியாது. இந்தப் பரிமாற்றத்தின் பலன் மே மாதம் பிலடெல்பியா வந்தபோது விளங்கியது.

பிப்ரவரி 22 அன்று டிரோசன் ஸ்பர்ஸ் சட்டையில் டொராண்டோவுக்குத் திரும்பினார். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. ஆட்டத்தின் கடைசி விநாடிகளில் ஸ்பர்ஸ் ஒரு புள்ளி முன்னிலை, பந்து டிரோசனிடம். லெனார்ட் அதைத் தட்டிப் பறித்துக்கொண்டு போய் வளையத்துக்குள் திணித்தார். 120–117. உஜிரியின் முடிவு சரிதானா என்று அதுவரை முணுமுணுத்தவர்களுக்கு இதைவிடக் கொடூரமான பதில் இருக்க முடியாது.

சேமித்ததைச் செலவிட்ட இரண்டு மாதம்

முதல் சுற்றில் ஆர்லாண்டோவிடம் முதல் ஆட்டத்தைத் தோற்றார்கள். லௌரி ஒரு புள்ளியும் எடுக்கவில்லை. ஊரே 'பழைய கதைதான்' என்றது. அடுத்த நான்கையும் வென்று அந்தச் சுற்றை முடித்தார்கள்.

பிலடெல்பியா சுற்று வேறு. ஏழு ஆட்டங்கள் போனது. ஏழு அடி உயர ஜோயல் எம்பீடைக் கசோல் கட்டிப்போட்டார். ஆனால் தாக்குதலில் டொராண்டோவுக்கு லெனார்டைத் தவிர வேறு யாரும் கைகொடுக்காத இரவுகள் பல. இரண்டுக்கு ஒன்று என்று பின்தங்கியிருந்த நிலையில் நான்காவது ஆட்டத்தில் அவர் 39 புள்ளிகள் எடுத்து அணியைக் காப்பாற்றினார். ஆறு மாதமாகப் பொத்திப் பொத்தி வைத்த காலை இப்போது அளவு பார்க்காமல் செலவழித்தார்கள். பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரி 34 நிமிடம் ஆடியவர் பிளேஆஃபில் 39 நிமிடத்துக்கு மேல் ஆடினார்.

மே 12, ஏழாவது ஆட்டம். லெனார்ட் 39 முறை எறிந்திருந்தார். எந்த வீரருக்கும் அது பைத்தியக்கார எண்ணிக்கை. 4.2 விநாடிகள் மீதமிருக்க 90–90. கசோல் பந்தை உள்ளே கொடுத்தார். லெனார்ட் வலப்பக்கமாக ஓடினார்; முதலில் பென் சிம்மன்ஸ் துரத்தினார், பிறகு எம்பீட் சேர்ந்துகொண்டு மூலை வரை தள்ளிக்கொண்டே போனார். கோட்டுக்கு வெளியே விழுந்துவிடுகிற இடத்திலிருந்து, எம்பீடின் நீட்டிய கைக்கு மேலாக, வழக்கத்தைவிட மிக உயரமாக எறிந்தார். முன்பு இதுபோன்ற ஒரு வீச்சு குறைவாகப் போனதால் இம்முறை உயர்த்தி எறிந்ததாகப் பிறகு சொன்னார். அந்த உயரத்திலிருந்து விழுந்ததால்தான் பந்து மெத்தென்று துள்ளியது. வளையத்தின் இந்தப் பக்கம் இரண்டு முறை, அந்தப் பக்கம் இரண்டு முறை, பிறகு உள்ளே. தான் எறிந்த பந்தை அவர் குந்தியபடி பார்த்துக்கொண்டிருந்தார். 92–90.

அந்த ஆட்டத்தின் புள்ளிப்பட்டியலில் எனக்குப் பிடித்த வரி அதுவல்ல. எம்பீட் களத்தில் இருந்த 45 நிமிடங்களில் பிலடெல்பியா 10 புள்ளி முன்னிலையில் இருந்தது. அவர் மூச்சு வாங்க வெளியே உட்கார்ந்த மூன்று நிமிடத்துக்கும் குறைவான நேரத்தில் அவர் அணி 12 புள்ளிகளை இழந்தது. உடல்நலக் குறைவோடு அந்தச் சுற்றை ஆடிக்கொண்டிருந்த ஒருவரை மூன்று நிமிடம்கூட உட்காரவைக்க முடியாத அணி பிலடெல்பியா. பந்து ஐந்தாவது முறை துள்ளி வெளியே விழுந்திருந்தால் கூடுதல் நேர ஆட்டம், யார் வேண்டுமானாலும் வென்றிருக்கலாம். ஆனால் அந்த 90–90க்கு ஆட்டத்தைக் கொண்டுவந்தது அந்த மூன்று நிமிடம்.

அடுத்த சுற்றில் வந்த மில்வாக்கி 60 வெற்றிகளோடு லீக்கின் முதலிடத்தில் இருந்த அணி. முதல் இரண்டு ஆட்டங்களையும் வென்றது. மூன்றாவது ஆட்டத்தில் நர்ஸ் லெனார்டை யானிஸ் அண்டெடோகூம்போவுக்கு எதிரே நிறுத்தினார். இரண்டு முறை கூடுதல் நேரம் போன அந்த ஆட்டத்தில் லெனார்ட் 52 நிமிடம் ஆடி 36 புள்ளிகள் எடுத்தார்; யானிஸ் 12 புள்ளிகளில் முடங்கி, தவறுகளின் எண்ணிக்கை நிறைந்து வெளியேறினார். 118–112.

அதற்கு விலை இருந்தது. நான்காவது ஆட்டத்தில் லெனார்ட் நொண்டுவது வெளிப்படையாகவே தெரிந்தது, 19 புள்ளிகள்தான். அந்த இரவு டொராண்டோ 120–102 என்று வென்றது. இபாகா 17, நார்மன் பவல் 18, வான்வ்லீட் 13. மாற்று ஆட்டக்காரர்கள் மூவர் மட்டுமே 48 புள்ளிகள். குளிர்காலத்தில் 17 முறை ஒத்திகை பார்த்த நாடகம்தான் அது. அந்த வாரம் அப்பாவான வான்வ்லீட், அந்த ஆட்டம் முதல் மூன்று ஆட்டங்களில் எறிந்த 17 மூன்று புள்ளி வீச்சுகளில் 14ஐ உள்ளே போட்டார். ஆறாவது ஆட்டத்தில் 15 புள்ளி பின்தங்கியிருந்த அணி 26–3 என்று ஓடி முந்தியது. நான்குக்கு இரண்டு.

வாரியர்ஸ், ஒரு டைம்அவுட்

இறுதிச் சுற்றின் எதிரணி ஐந்தாவது ஆண்டாகத் தொடர்ந்து இறுதிச் சுற்று ஆடிய வாரியர்ஸ். கெவின் டுரண்ட் மே 8 முதல் கெண்டைக்கால் காயத்தால் வெளியே. முதல் ஆட்டத்தில் சியாகம் 17 முறை எறிந்து 14ஐப் போட்டு 32 புள்ளிகள் எடுத்தார். இரண்டாவதை வாரியர்ஸ் வென்றது. ஆனால் அதில் கிளே தாம்சனின் பின்தொடை இழுத்துக்கொண்டது. அந்த ஆட்டத்தின் கடைசியில் நர்ஸ், ஸ்டெஃபன் கரிமேல் ஒருவரை ஒட்டவைத்து மற்ற நால்வரைச் சதுரமாக நிறுத்தும் பள்ளிக்கூடத் தடுப்பு முறையைக் கொண்டுவந்தார். என்பிஏவில் அதைப் பார்ப்பதே அரிது. கரி அலுத்துக்கொண்டார், வாரியர்ஸ் சில நிமிடங்கள் திணறியது. ஓக்லாந்தில் அடுத்த இரண்டையும் டொராண்டோ வென்றது. மூன்றுக்கு ஒன்று.

ஜூன் 10, டொராண்டோவில் ஐந்தாவது ஆட்டம். அரங்கத்துக்கு வெளியே 'ஜுராசிக் பார்க்' என்று ரசிகர்கள் பெயரிட்ட சதுக்கத்தில் மக்கள் முந்தைய நாளிலிருந்தே இடம் பிடித்திருந்தார்கள். டுரண்ட் திரும்பி வந்தார். 12 நிமிடத்தில் 11 புள்ளிகள். பிறகு குதிகால் தசைநார் அறுந்து விழுந்தார். கூட்டத்தில் ஒரு பகுதி ஆரவாரித்தது. லௌரி, இபாகா, கிரீன் முதலியோர் கையசைத்து அவர்களை அடக்கினார்கள். அந்த ஆரவாரம் அந்த ஊரின் கோப்பைக் கதையில் இன்றும் ஒரு கறை.

நான்காவது கால்பகுதியின் முடிவில் லெனார்ட் தொடர்ந்து பத்துப் புள்ளிகள் எடுத்து 103–97 ஆக்கினார். மூன்றே நிமிடம் பாக்கி. அரங்கம் கொதித்துக்கொண்டிருந்தது. அந்தக் கணத்தில், 3:05 நிமிடம் மீதமிருக்க, நர்ஸ் டைம்அவுட், அதாவது ஆட்டத்தைச் சற்று நிறுத்தும் இடைவேளை, கேட்டார். மூன்று நிமிடத்துக்குள் போனால் பயன்படுத்தாத டைம்அவுட் வீணாகிவிடும் என்பது விதி. வீரர்களுக்கு மூச்சு வாங்க ஒரு வாய்ப்பு என்று நினைத்தார். ஆட்டம் திரும்பத் தொடங்கியபோது தாம்சன் ஒரு மூன்று, கரி ஒரு மூன்று, தாம்சன் இன்னொரு மூன்று. 106–105. லௌரியின் கடைசி வீச்சை டிரேமண்ட் கிரீன் விரல் நுனியால் தொட்டுத் திருப்பினார். ஓய்வை வைத்தே ஒரு பருவத்தைக் கட்டிய அணி, கோப்பைக்கு மூன்று நிமிடத் தொலைவில் ஓய்வு கேட்டதாலேயே ஓர் ஆட்டத்தை இழந்தது என்று கனடாவே நர்ஸைத் திட்டியது. எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. சோர்ந்த கால்களோடு இருந்தது டொராண்டோவும்தான். ஆனால் உத்வேகம் ஓர் அணியின் பக்கம் பாய்ந்துகொண்டிருக்கும்போது அதை நிறுத்துகிற உரிமையை எதிராளிக்கு விட்டுவிடுவதே பழைய ஞானம்.

மூன்று நாள் கழித்து, ஓராக்கிள் அரங்கில் வாரியர்ஸ் ஆடிய கடைசி ஆட்டத்தில், 30 புள்ளிகள் எடுத்திருந்த தாம்சனின் முழங்கால் தசைநார் கிழிந்தது. லௌரியும் சியாகமும் தலா 26, லெனார்டும் வான்வ்லீடும் தலா 22. ஒரு புள்ளி வித்தியாசத்தில் கரியின் மூன்று புள்ளி வீச்சு தவறியது. கையில் இல்லாத டைம்அவுட்டை வாரியர்ஸ் கேட்டுத் தண்டனை வாங்கியது. 114–110.

ஓய்வு கோப்பையை வென்றதா?

எதிர்வாதம் வலுவானது. டுரண்டும் தாம்சனும் முழு உடல்நலத்தோடு ஆடியிருந்தால் ராப்டர்ஸ் வென்றிருக்குமா? சந்தேகம்தான் என்றே நானும் சொல்வேன். ஆனால் அந்தக் காயங்களைத் தனியே வானத்திலிருந்து விழுந்தவையாகப் பார்க்க முடியவில்லை. தாம்சன் ஐந்தாவது ஆண்டாகவும் டுரண்ட் மூன்றாவது ஆண்டாகவும் தொடர்ந்து ஜூன் வரை ஆடிய கால்கள் அவை. ஒரு பக்கம் காலைச் சேமித்த அணி, மறுபக்கம் காலைச் செலவழித்து முடித்த அணி. அதில் தற்செயலுக்கு எவ்வளவு பங்கு என்று யாராலும் பிரித்துக் காட்ட முடியாது.

மற்ற அணிகள் இந்தப் பருவத்திலிருந்து கற்றது அதன் எளிதான பாதியை மட்டுமே. நட்சத்திரத்தை உட்காரவைத்தார்கள், 17–5 என்று ஆடும் எட்டுப் பேரைத் தேடவில்லை. 2019 ஜூலையில் லெனார்ட் கிளிப்பர்ஸுக்குப் போனார். அந்த நவம்பரிலேயே அவருடைய உடல்நிலை பற்றிய முரணான பேச்சுக்காக அந்த அணிக்கு 50,000 டாலர் அபராதம். 2021 பிளேஆஃபில் அவருடைய வலது முழங்கால் தசைநார் கிழிந்து, அடுத்த பருவம் முழுவதும் ஆடவில்லை. பராமரித்த கால் உடையாது என்று உறுதி எதுவும் இல்லை. 2023–24 முதல் பெரிய விருதுகளுக்கு 65 ஆட்டங்களாவது ஆடியிருக்க வேண்டும் என்று லீக் விதி கொண்டுவந்தது. அந்த விதி முன்பே இருந்திருந்தால் 60 ஆட்டம் ஆடிய லெனார்டுக்கு பருவத்தின் சிறந்த வீரர்களைக் கொண்டு லீக் அறிவிக்கும் கௌரவ அணிகளில் 2019இல் இடமே கிடைத்திருக்காது. ஓய்வு கொடுத்தால் காயம் குறையும் என்பதற்கு ஆதாரம் தெரியவில்லை என்று 2024 தொடக்கத்தில் லீக் தன் ஆய்வொன்றில் சொன்னது. லீக்கும் இதில் வணிக நலன் உள்ள ஒரு தரப்பு என்பதை மறக்காமல்தான் அதைப் படிக்க வேண்டும்.

என் கணிப்பைச் சோதிக்க ஒரு வழி உண்டு. லெனார்டும் கிரீனும் போன பிறகு, அதே நர்ஸ், லௌரி, சியாகம், வான்வ்லீட், கசோல், இபாகாவோடு ராப்டர்ஸ் 2019–20இல் 53 வெற்றி, 19 தோல்வி கண்டது. கோப்பை வென்ற ஆண்டைவிட நல்ல விகிதம். 22 ஆட்டங்களில் பழகியதை 72 ஆட்டங்களுக்கு நீட்டினார்கள். நர்ஸுக்குச் சிறந்த பயிற்சியாளர் விருதும் வந்தது. பிளேஆஃபின் இரண்டாவது சுற்றில் பாஸ்டன் வந்தது, ஏழாவது ஆட்டம் வரை போனது. 2020 செப்டம்பர் 11, ஆர்லாண்டோவில், பார்வையாளர் இல்லாத அரங்கில், கடைசி நிமிடங்களில் பந்தை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் 87–92 என்று தோற்றார்கள்.